கார் இன்வெர்ட்டர் பீப் அடிக்கிறதா, பாதியில் நிற்கிறதா? அறிகுறி வாரியாகக் கோளாறு பார்க்கும் முறை

காரில் போகும்போது லேப்டாப்புக்கு சார்ஜ் போடவும், கேமரா பேட்டரி ஏற்றவும், சந்தையில் வண்டியை நிறுத்தி பில் பிரிண்டரை ஓட்டவும் பலர் ஒரு சின்ன இன்வெர்ட்டர் வாங்கி வைத்திருக்கிறார்கள். காரின் 12 வோல்ட் பேட்டரி கரண்ட்டை வீட்டுக் கரண்ட் போல 230 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி அது. அது பாதியில் நின்றாலோ பீப் அடித்தாலோ "மட்டமான சரக்கு" என்று பெட்டியைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிடுகிறோம். பெரும்பாலும் பெட்டிமேல் தப்பு இருக்காது. பேட்டரியிலிருந்து பெட்டிக்கு வரும் வழியில் எங்கோ வோல்ட் தொலைந்துபோயிருக்கும்.

100 வாட் லோடு, அதாவது இன்வெர்ட்டரில் மாட்டும் கருவி, 230 வோல்ட்டில் அரை ஆம்பியர்கூட இழுக்காது. அதே 100 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுக்க, இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால், சுமார் 10 ஆம்பியர் ஆகும். வாட்டைப் பத்தால் வகுத்தால் ஆம்பியர் என்று மனக்கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். 150 வாட்டுக்கு 15, 300 வாட்டுக்கு 30. வீட்டில் ஒரு மொபைல் சார்ஜர் பிளக் கொஞ்சம் லூசாக இருந்தாலும் ஓடிவிடும். 15 ஆம்பியர் ஓடும் இடத்தில் அதே லூஸ் வோல்ட்டையும் தின்றுவிடும், பிளாஸ்டிக்கையும் உருக்கிவிடும்.

அதனால் அறிகுறி எதுவாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்வெர்ட்டருக்குள் 12 வோல்ட் நுழையும் இடத்தில் உண்மையில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று மல்டிமீட்டரால் பாருங்கள். லோடு இல்லாமல் அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகத்தான் மீட்டர் காட்டும். பேட்டரியில் நேராக மாட்டும் மாடல் என்றால் அதன் சிவப்பு, கறுப்பு டெர்மினலில் மீட்டர் முனைகளை வைத்தால் போதும். டேஷ்போர்டில் இருக்கும் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் மாடல் என்றால் அந்த இடத்தைத் தொட முடியாது. இரண்டு வாய் உள்ள ஸ்ப்ளிட்டர் ஒன்றை மாட்டி, ஒன்றில் இன்வெர்ட்டரையும் இன்னொன்றில் செருகும் வகை வோல்ட் மீட்டரையும் போட்டுப் பார்க்கலாம்.

மனதில் வைக்கவேண்டிய எண்கள் கொஞ்சம்தான். சில மணி நேரம் ஓய்ந்து நிற்கும் வண்டியில் 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்வாசிதான் மிச்சம். இன்ஜின் ஓடும்போது வழக்கமாக 13.5 முதல் 14.5 வரை இருக்கும். சின்ன இன்வெர்ட்டர்கள் பெரும்பாலும் 11 வோல்ட்டுக்குப் பக்கத்தில் பீப் அடிக்கத் தொடங்கி, 10.5 அல்லது 10-க்கு இறங்கியதும் தானாக நின்றுவிடும். 15.5 பக்கம் ஏறினாலும் நிற்கும். உங்கள் பெட்டியின் சரியான அளவு அதன் கையேட்டில் இருக்கும்.

விளக்கே எரியவில்லை, எந்தச் சத்தமும் இல்லை

முதலில் சாவியைப் பாருங்கள். பல கார்களில் சாவி ஆக்சசரி நிலைக்கு வந்தால்தான் லைட்டர் சாக்கெட்டுக்கு கரண்ட் வரும். சாவி சரிதான் என்றால் அதே சாக்கெட்டில் ஒரு மொபைல் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். அதுவும் செத்திருந்தால் காரின் ஃபியூஸ் போயிருக்கும். ஃபியூஸ் பாக்ஸ் பெரும்பாலும் டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டியரிங் பக்கம் இருக்கும். மூடியின் உட்புறத்தில் எந்த ஃபியூஸ் எதற்கு என்று படம் போட்டிருப்பார்கள். ஃபியூஸின் நிறமே அளவைச் சொல்லிவிடும்: சிவப்பு 10 ஆம்பியர், நீலம் 15, மஞ்சள் 20.

மொபைல் சார்ஜர் வேலை செய்து இன்வெர்ட்டர் மட்டும் செத்திருந்தால், இன்வெர்ட்டர் பிளக்கின் முனையைத் திருகிக் கழற்றுங்கள். பல மாடல்களில் உள்ளே ஒரு சின்ன கண்ணாடி ஃபியூஸ் இருக்கும். இழை அறுந்திருந்தால் அதே ஆம்பியரில் வேறொன்று வாங்கிப் போட்டால் தீர்ந்தது. திரும்ப மூடும்போது ஸ்பிரிங்கையும் நடு முனையையும் தவறவிடாதீர்கள். அவை கழன்று உருண்டால் காருக்குள் தேடுவது பெரும்பாடு.

சாக்கெட்டுக்குள்ளும் டார்ச் அடித்துப் பாருங்கள். அடியில் இருக்கும் நடு முனை பிளஸ், சுற்றுச் சுவர் மைனஸ். பழைய வண்டிகளில் அங்கே தூசி, சில்லறைக் காசு, சாக்லேட் தாள் எல்லாம் கிடக்கும். காசு விழுந்து இரண்டையும் தொட்டால் ஃபியூஸ் போவது நிச்சயம். ஃபியூஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கை வைக்கவேண்டும்.

பச்சை விளக்கு எரிகிறது, லோடு மாட்டியதும் பீப் அடித்து நின்றுவிடுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான். இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். லோடு கூடுதலா, அல்லது வோல்ட் குறைவா?

லோடைக் கணக்கிடும்போது பலர் அடாப்டரின் இன்புட் வரியைப் பார்த்து பயந்துவிடுகிறார்கள். "100-240 வோல்ட், 1.7 ஆம்பியர்" என்று போட்டிருக்கும். அதை 230-ஆல் பெருக்கினால் 391 வாட் வரும். அது குறைந்த வோல்ட்டில் அதிகபட்சமாக இழுக்கக்கூடிய அளவு, அதற்கும் உங்கள் லேப்டாப் சாப்பிடுவதற்கும் சம்பந்தம் குறைவு. கீழே அவுட்புட் வரியைப் பாருங்கள். 19.5 வோல்ட், 3.33 ஆம்பியர் என்றால் 65 வாட். சாதாரண ஆபீஸ் லேப்டாப் பெரும்பாலும் 45 அல்லது 65 வாட்டுக்குள் அடங்கும். கேமிங் லேப்டாப் 180, 230 வாட் என்று போகும். அதை லைட்டர் சாக்கெட்டில் ஓட்ட நினைக்கவே வேண்டாம். 10 ஆம்பியர் ஃபியூஸ் உள்ள சாக்கெட்டிலிருந்து அதிகபட்சம் 120 வாட்தான் எடுக்கலாம், 15 ஆம்பியர் என்றால் 180. அதிலும் இன்வெர்ட்டரின் இழப்பு போகத்தான் உங்களுக்கு.

இன்வெர்ட்டர் அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்டையும் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. சிலவற்றில் அது ஓரிரு வினாடிக்கு மட்டும் தாங்கும் பீக் அளவு. தொடர்ந்து தாங்கும் அளவு சின்ன எழுத்தில் பாதியாக இருக்கும்.

லோடு கணக்கு சரியாக இருந்தும் பீப் அடித்தால், வோல்ட் வழியில் விழுகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். காருக்குள் சாக்கெட்டுக்கு வரும் வயர் மெல்லியது. ஒன்றரை ஸ்கொயர் எம்எம் வயர், மூன்று மீட்டர் நீளம் என்றால் அதன் மின்தடை 0.035 ஓம். 12 ஆம்பியர் ஓடும்போது அதிலேயே 0.4 வோல்ட் போய்விடும். சாக்கெட்டும் பிளக்கும் சரியாகப் பிடிக்காத இடத்தில் 0.05 ஓம் இருந்தால் இன்னும் 0.6. இரண்டும் சேர்ந்து ஒரு வோல்ட். இன்ஜின் ஓடும்போது 14-இல் ஒன்று போனால் 13, யாருக்கும் தெரியாது. இன்ஜினை நிறுத்தினால் லோடு ஏறிய பேட்டரி 12.1-க்கு இறங்கியிருக்கும், பெட்டிக்கு வந்து சேருவது 11.1. பீப். பேட்டரி பாதிக்கு மேல் நிறைந்திருந்தாலும் பெட்டி "பேட்டரி காலி" என்றுதான் நினைக்கும்.

பேட்டரியின் முனையிலும் இன்வெர்ட்டரின் வாயிலும் ஒரே லோடில் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் கோளாறு. வித்தியாசம் இல்லாமல் இரண்டுமே தாழ்ந்திருந்தால் பேட்டரி. பிளஸ் பக்கம் தனியாக, மைனஸ் பக்கம் தனியாகவும் அளக்கலாம்: மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், இன்னொன்று இன்வெர்ட்டர் பிளஸ்ஸில். மைனஸுக்கும் அப்படியே. எந்தப் பக்கம் அதிகம் காட்டுகிறதோ அங்கேதான் லூஸ். நம் ஊர்க் கடற்கரை ஓர வண்டிகளில் எர்த் வயர் பாடியில் திருகும் இடம் துருப்பிடித்து, அந்த மைனஸ் பக்கமே தகராறு செய்வதைப் பார்க்கலாம். பேட்டரி டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவிவிடுங்கள்.

இன்ஜின் ஓடும்போது சரி, சிக்னலில் நின்றால் பீப்

பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், இன்ஜின் வேகத்தைப் பொறுத்து கரண்ட் கொடுக்கும். ஐடிலிங்கில் அதன் முழு அளவு கிடைக்காது, பாதிப் பக்கம் வந்தாலே நல்லது. அந்த நேரத்தில் ஏசி ப்ளோயர், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் எல்லாம் ஓடுகின்றன. சாதாரண ஹாலஜன் ஹெட்லைட் ஜோடி மட்டுமே 110 வாட், அதாவது 9 ஆம்பியர். இரவு, மழை, ஏசி, டிராஃபிக் நான்கும் சேர்ந்தால் மிச்சம் எதுவும் இருக்காது. இன்வெர்ட்டர் இழுப்பது பேட்டரியிலிருந்துதான். ஏசி ப்ளோயரை ஒரு படி குறைத்துப் பாருங்கள், பீப் நின்றால் கோளாறு எதுவும் இல்லை, பங்கீடுதான் பிரச்சினை.

தானாக இன்ஜினை நிறுத்தி எழுப்பும் கார்களில் இது இன்னொரு வகையில் வரும். சிக்னலில் இன்ஜின் நின்று திரும்ப எழும் நொடியில் வோல்ட் சட்டென்று விழும், இன்வெர்ட்டர் நின்றுவிடும், சில மாடல்கள் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் திரும்ப வரும். இன்வெர்ட்டர் மாட்டியிருக்கும்போது அந்த வசதியை அணைக்கும் பட்டனை அழுத்திவிடுங்கள். சாவி போட்டு ஸ்டார்ட் செய்யும்போதும் அப்படித்தான். செல்ஃப் சுற்றும் நேரத்தில் பல கார்கள் சாக்கெட்டுக்குப் போகும் கரண்ட்டையே துண்டித்துவிடும். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, அப்புறம் இன்வெர்ட்டரை ஆன் செய்து, கடைசியாக லோடை மாட்டுவது நல்ல வரிசை.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

பெரிய ஃபியூஸ் போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றுவது அதற்குப் பின்னால் டேஷ்போர்டுக்குள் ஓடும் மெல்லிய வயரை. 15 போய் 30 போட்டால், அடுத்த தடவை உருகுவது அந்த வயர்தான். கார் தீப்பிடிக்க அதுவே போதும். வெள்ளித் தாளும் வயர் இழையும் சுற்றி ஓட்டுவது அதைவிட மோசம்.

லோடைக் குறையுங்கள். 150 வாட்டுக்கு மேல் உங்களுக்கு உண்மையிலேயே தேவை என்றால் சாக்கெட்டை விட்டுவிட்டு பேட்டரியிலிருந்து தனி வயர் இழுப்பதுதான் வழி. 300 வாட் இன்வெர்ட்டருக்கு 10 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் போதும். பேட்டரியிலிருந்து சீட்டுக்கு இரண்டு மீட்டர், போக வர நான்கு மீட்டர் என்று வைத்தால் 30 ஆம்பியரில் 0.2 வோல்ட்தான் விழும். காசை மிச்சம் பிடிக்க 4 ஸ்கொயர் போட்டால் அரை வோல்ட்டுக்கு மேல் போகும், வயரும் சூடாகும். அலுமினியத்தின் மேல் காப்பர் பூசிய வயரும் கடைகளில் கிடைக்கிறது, அது வேண்டாம். பிளஸ் வயரில் 40 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம், அதுவும் பேட்டரி முனையிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள். ஃபியூஸ் இன்வெர்ட்டர் பக்கம் இருந்தால், நடுவில் வயர் உரசி பாடியில் பட்டால் காப்பாற்ற ஆள் இல்லை. இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும் ஓட்டையில் வயர் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (கிராமெட்) இல்லாமல் வயரை விடாதீர்கள்.

புதிய கார்களில் பேட்டரி மைனஸ் முனையில் ஒரு சின்ன சென்சார் உட்கார்ந்திருக்கலாம். பேட்டரிக்குள் எவ்வளவு போகிறது, எவ்வளவு வருகிறது என்று அது எண்ணிக்கொண்டிருக்கும். அந்த வண்டிகளில் இன்வெர்ட்டர் மைனஸை முனையில் மாட்டாமல், சென்சாருக்கு அப்பால் பாடியில் இருக்கும் எர்த் போல்ட்டில் மாட்டுங்கள். முனையில் மாட்டினால் கணக்கு தப்பி, சார்ஜிங் குழம்பும்.

பேட்டரியில் நேராக மாட்டும்போது பிளஸ் மைனஸ் மாறிவிட்டால் அந்த நொடியே ஃபியூஸ் போகும், பல பெட்டிகளுக்கு உயிரும் போகும். லாரி, பஸ் ஓட்டுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் வண்டி பெரும்பாலும் 24 வோல்ட். 12 வோல்ட் இன்வெர்ட்டரை அதில் மாட்டாதீர்கள். இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 எடுப்பதும் தவறு. ஒன்று காலியாகி, இன்னொன்று அளவுக்கு மேல் சார்ஜாகி, இரண்டுமே சீக்கிரம் போய்விடும்.

பிளக் சுடுகிறது, சாக்கெட் ஓரம் நிறம் மாறியிருக்கிறது

இதைப் பார்த்த உடனே நிறுத்துங்கள். மேலே சொன்ன 0.05 ஓம் லூஸில் 10 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரு புள்ளியிலேயே 5 வாட் சூடு பிறக்கும், 15 ஓடினால் 11 வாட். காற்றோட்டம் இல்லாத பிளாஸ்டிக் குழிக்குள் அது தங்கிவிடும். சூடானால் பக்கவாட்டு ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் லூஸ் கூடும், லூஸ் கூடினால் சூடு இன்னும் ஏறும். ஸ்ப்ளிட்டர் மாட்டினால் லூஸ் இரண்டு இடமாகிறது, ஆகையால் அளந்து பார்த்து முடித்ததும் ஸ்ப்ளிட்டரைக் கழற்றிவிடுங்கள். பிளக்கின் பக்கவாட்டு இரும்பு நாக்குகளைக் கொஞ்சம் வெளியே வளைத்துவிட்டால் பிடிப்பு கூடும். சாக்கெட் உருகத் தொடங்கியிருந்தால் அதை மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை.

சிவப்பு விளக்கு எரிந்து நிற்கிறது, கொஞ்ச நேரம் விட்டால் தானே வருகிறது

பெட்டி சூடாகிவிட்டது. மே மாதம் மதுரையிலோ வேலூரிலோ வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு மேல் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் இன்வெர்ட்டர் தன் முழு வாட்டைக் கொடுக்காது. சீட்டுக்கு அடியில், துணிப்பைக்குள், தரை விரிப்புக்குக் கீழே என்று வைத்திருந்தால் எடுத்து வெளியே வையுங்கள். ஃபேன் ஓட்டையில் தூசி அடைத்திருந்தால் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஏசி காற்று படும் இடத்தில் வைத்துப் பார்த்தும் நின்றால் அது சூடு இல்லை, லோடு கூடுதல்.

230 வோல்ட் பக்கத்தில் பிளக் ஆடினால் நிற்கிறது

இன்வெர்ட்டர்களில் எல்லா நாட்டுப் பிளக்கும் போகும் பொதுச் சாக்கெட் வைக்கிறார்கள். நம் உருண்டைக் கம்பி பிளக்கை அது இறுக்கிப் பிடிக்காது. வண்டி குலுங்கினால் கழன்று தீப்பொறி அடிக்கும். எடை உள்ள அடாப்டரை நேராகத் தொங்கவிடாமல், பிடிப்பு நன்றாக இருக்கும் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் போட்டு, அடாப்டரைத் தரையில் வையுங்கள்.

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் அடாப்டர் உறுமுகிறது, டச்பேட் தானாகக் குதிக்கிறது

விலை குறைந்த இன்வெர்ட்டர்கள் தருவது வீட்டுக் கரண்ட் போல வழுவழுப்பான அலை இல்லை. படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கும் மாடிஃபைட் சைன் வேவ். லேப்டாப், மொபைல் அடாப்டர்கள் பொதுவாக அதைத் தாங்கிக்கொள்ளும், கொஞ்சம் உறுமும், கொஞ்சம் கூடுதலாகச் சூடாகும். டிரிம்மர், கொசு பேட், மலிவான எல்இடி பல்பு போன்றவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் ஒரு கெப்பாசிட்டரை வைத்தே வோல்ட்டைக் குறைத்திருப்பார்கள். அவை இந்த அலையில் வழக்கத்தைவிட அதிக கரண்ட் இழுத்து வெந்துபோகும். மோட்டார் உள்ளவை உறுமி, வேகம் குறைந்து, சூடாகும். இவற்றுக்குப் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர்தான் வேண்டும். விலை கூடுதல்தான், ஆனால் அந்தப் பணத்துக்கு அது தகும்.

டச்பேட் குதிப்பதற்கும், லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் லேசாக சுருசுருவென்று இருப்பதற்கும் காரணம் ஒன்றே. காரில் உண்மையான எர்த் கிடையாது. அடாப்டருக்குள் இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் துளிக் கரண்ட் போக வழியில்லாமல் லேப்டாப் உடம்பில் நிற்கிறது. அந்த அளவு ஆளைச் சாய்க்காது, ஆனால் சுரீரென்று அடித்தால் உடனே கழற்றுங்கள், அது வேறு கோளாறு.

டெஸ்டர் இரண்டு ஓட்டையிலும் எரிகிறது, மீட்டர் 230 காட்டவில்லை

இந்த இரண்டையும் பார்த்து நல்ல பெட்டியைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. வீட்டில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருப்பதால் டெஸ்டர் ஒரு பக்கம்தான் எரியும். சின்ன கார் இன்வெர்ட்டர்களில் பல, எதையும் எர்த்தோடு சேர்க்காமல் இரண்டு கம்பியையும் மாறி மாறி உயர்த்துகின்றன. அதனால் இரண்டு பக்கமும் எரியும். வீட்டைப் போல ஆக்க வேண்டும் என்று ஒரு கம்பியைக் கார் பாடியோடு சேர்த்துவிடாதீர்கள். பெட்டி அங்கேயே எரிந்துபோகலாம், பாடி முழுக்க ஆபத்தும் ஏறலாம்.

மீட்டர் 180, 200 என்று காட்டுவதும் இயல்பு. சாதாரண மல்டிமீட்டர் வழுவழுப்பான அலைக்குத்தான் சரியாகச் சொல்லும். படிக்கட்டு அலையை அளக்க 'ட்ரூ ஆர்எம்எஸ்' என்று எழுதிய மீட்டர் வேண்டும்.

ரேடியோவில் இரைச்சல், ஸ்பீக்கரில் ஊளை

இன்வெர்ட்டருக்குள் டிரான்சிஸ்டர்கள் வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திறந்து மூடுகின்றன, அந்தச் சத்தம் ரேடியோவில் விழுகிறது. பெட்டியையும் அதன் வயரையும் ஆன்டெனா வயரிலிருந்து தள்ளி வையுங்கள். ஆக்ஸ் வயரில் பாட்டு கேட்கும்போது ஊளை வந்தால், சார்ஜரின் எர்த்தும் ஸ்டீரியோவின் எர்த்தும் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டன என்று அர்த்தம். புளூடூத்துக்கு மாறினால் போயே போய்விடும்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

லோடு எதுவும் இல்லாவிட்டாலும் ஆன் ஆகி இருக்கும் இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் இழுக்கும். அரை ஆம்பியர் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர் அவர். சின்ன பெட்ரோல் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர் அவர் பேட்டரி. சாவியை எடுத்த பிறகும் கரண்ட் வரும் சாக்கெட் என்றால் இரண்டு நாளில் வண்டி கிளம்பாது. இறங்கும்போது பிளக்கை உருவிவிடுங்கள்.

இன்ஜின் நிற்கும்போது லேப்டாப் ஓட்டுவதற்கும் எல்லை உண்டு. கார் பேட்டரி சில வினாடி பெரிய கரண்ட் கொடுத்துச் செல்ஃபைச் சுற்றுவதற்காகச் செய்தது. மெல்லிய தகடுகள் நிறைய இருக்கும். அடிமட்டம்வரை காலி செய்து ஏற்றினால் சில தடவையிலேயே வலு போய்விடும். 65 வாட் லேப்டாப்பை ஒரு மணி நேரத்துக்கு மேல் இன்ஜின் இல்லாமல் ஓட்டாதீர்கள். பேட்டரிக்கு மூன்று வயது தாண்டியிருந்தால் அரை மணி போதும். இன்வெர்ட்டர் 10.5-இல் நிற்பது இன்வெர்ட்டரைக் காப்பாற்றும், உங்கள் செல்ஃபைக் காப்பாற்றாது. அந்த அளவுக்கு இறங்குவதற்கு வெகு முன்பே வண்டி கிளம்பாது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 2018-இல் கஜா புயலுக்குப் பிறகு டெல்டா மாவட்டங்களிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தின்போது சென்னையிலும் கரண்ட் இல்லாத நாட்களில் காரே பலருக்கு சார்ஜர் ஆனது. அப்படி வண்டியை ஐடிலிங்கில் விட்டு சார்ஜ் ஏற்றும்போது, மூடிய ஷெட்டிலோ அடித்தள பார்க்கிங்கிலோ ஒருபோதும் செய்யாதீர்கள். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனை கிடையாது. தலைவலி, தூக்கம் என்று தொடங்கி ஆளை முடித்துவிடும். ஷெட் கதவு திறந்திருக்கிறதே என்று நம்பவேண்டாம், வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். சைலன்சர் வாயைத் தண்ணீர் தொடும் இடத்தில் இன்ஜினைப் போடவே கூடாது.

நெபுலைசர், சிபாப் ஓடவில்லை

வீட்டில் யாருக்காவது மூச்சுக் கோளாறு இருந்தால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நெபுலைசரின் கம்ப்ரசரில் மோட்டார் இருக்கிறது. கிளம்பும் நொடியில் அது வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும், அந்த நொடியில்தான் சின்ன இன்வெர்ட்டர் நின்றுவிடும். படிக்கட்டு அலையில் அது கிளம்பினாலும் காற்றழுத்தம் குறைந்து மருந்து சரியாகப் புகையாகாது. பயணத்துக்கு சார்ஜ் ஏற்றும் மெஷ் நெபுலைசர் ஒன்று வைத்திருப்பதுதான் பத்திரம். எந்த மருந்தை அதில் போடலாம் என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காற்றை அழுத்தித் தரும் சிபாப் இயந்திரத்துக்கு அதன் கம்பெனியே 12 வோல்ட்டில் நேராக மாட்டும் கன்வெர்ட்டர் விற்கிறது. அது இருந்தால் இன்வெர்ட்டரே தேவையில்லை. இன்வெர்ட்டரில்தான் ஓட்டவேண்டும் என்றால் பியூர் சைன் வேவ் மட்டும், ஈரப்பதம் சேர்க்கும் ஹீட்டரை அணைத்துவிட்டு. அந்த ஹீட்டர்தான் கரண்ட்டில் பெரும்பங்கை எடுக்கும். வீட்டில் வைக்கும் ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டரை கார் இன்வெர்ட்டரை நம்பி ஏற்றிக்கொண்டு கிளம்பாதீர்கள். ஐந்து லிட்டர் இயந்திரம் 300 வாட்டுக்கு மேல் இடைவிடாமல் இழுக்கும், வழியில் நின்றால் மாற்று இருக்காது. சிலிண்டர் உள்ள வண்டி வேண்டும், அவசரம் என்றால் 108.

எல்லாம் சரியாக இருக்கிறது, லேப்டாப் சார்ஜ் மட்டும் மெதுவாக ஏறுகிறது

உங்கள் லேப்டாப் டைப்-சி வாயில் சார்ஜ் ஏறும் வகை என்றால் இன்வெர்ட்டரை விட்டுவிடலாம். 12-ஐ 230 ஆக்கி, அடாப்டர் அதைத் திரும்ப 20 ஆக்கும் இந்தச் சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு சக்தியாவது சூடாகவே போகிறது. 65 வாட் அல்லது 100 வாட் 'பவர் டெலிவரி' (டைப்-சி வேக சார்ஜ்) வகை கார் சார்ஜர் நேராக அந்த வேலையைச் செய்யும். பீப், உறுமல், டச்பேட் குதிப்பு எல்லாம் அதோடு போய்விடும். லேப்டாப்பின் வாட்டுக்குக் குறையாத சார்ஜரும், அந்த வாட்டைத் தாங்கும் கேபிளும் வாங்குங்கள். கேபிள் சாதாரணமானதாக இருந்தால் சார்ஜர் 60 வாட்டோடு நின்றுவிடும்.

இன்வெர்ட்டரே போய்விட்டது என்று எப்போது சொல்வது

லோடு எதுவும் மாட்டாமல், நல்ல பேட்டரியில் செருகிய உடனே ஃபியூஸ் போனால் உள்ளே பவர் டிரான்சிஸ்டர்கள் ஷார்ட் ஆகியிருக்கின்றன. 12 வோல்ட் வாயில் 13-க்கு மேல் நின்றும், லோடு இல்லாமலே சிவப்பு விளக்கு எரிந்தாலும் அதே முடிவுதான். கருகிய வாசனை வந்தாலோ, அசைத்தால் உள்ளே ஏதோ உருண்டாலோ இன்னொரு தடவை முயற்சி செய்யவேண்டாம். வாரண்டி இருந்தால் கடைக்குக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் மின்னணுப் பொருள் ரிப்பேர் தெரிந்தவரிடம் கொடுங்கள், நீங்களே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும், பிளக்கை உருவிய பிறகும் அது கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.